நாள் முழுக்க கம்பெனிக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், டாக்டர் இன்னும் நடக்கச் சொல்கிறார். மனசுக்கு இது நிஜமாகவே கேட்குமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன், வயது 38. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன் டேபிள் என்று உட்கார நேரமே கிடையாது, போனில் பார்த்தால் தினமும் பத்தாயிரம் அடிக்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் ஆறேழு மாதமாக மனசு சரியில்லை. படுத்தால் தூக்கம் வராது, எதிலும் ஒட்டுதல் இல்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன். போன வாரம் பாப்பா வரைந்த படத்தைக் காட்ட ஓடி வந்தாள், நான் போட்ட அதட்டலில் நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளே மனநல டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தார், கூடவே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். நான் நடக்காத நடையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:
தம்பி, நான் ஈரோட்டில் பிசியோதெரபிஸ்ட். தறி ஓட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் என்னிடம் தினமும் கேட்கிற கேள்விதான் இது. வேலையில் நடக்கிற நடையும் நமக்காக நடக்கிற நடையும் ஒன்றல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்கிற உடற்பயிற்சி நல்ல மனநலத்தோடு சேர்ந்து வருகிறது, வேலைக்காக உடம்பை வருத்துவதில் அந்தப் பலன் தெரியவில்லை. லைனில் நீங்கள் பத்தடி நடந்து நிற்கிறீர்கள், தலைக்குள் ஷிப்மென்ட் தேதி ஓடுகிறது. நெஞ்சுத்துடிப்பு ஏறி ஒரு இருபது நிமிடமாவது அப்படியே நிற்பதே இல்லை.

துடிப்பு அப்படி ஏறியே இருக்கும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, பிடிஎன்எஃப் என்கிற புரதமும் கூடுகிறது. நரம்பு செல்கள் பிழைத்திருக்கவும் புது இணைப்பு போடவும் அதுதான் உரம் மாதிரி. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வயதாக ஆகச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஒரு வருடம் நடக்க வைத்தார்கள், மீதிப் பேருக்கு கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011-ல் வந்த ஆய்வு இது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் இதே அளவு வளர்ச்சி தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனச்சோர்வுக்கென்றே 1999-ல் ஒரு ஆய்வு வந்தது. 50 வயதைத் தாண்டிய 156 பேர், 16 வாரம். மாத்திரை எடுத்தவர்கள், பயிற்சி செய்தவர்கள், இரண்டும் செய்தவர்கள், மூன்று கூட்டமும் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. மாத்திரை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் பலன் காட்டியது. அதனால் உங்கள் டாக்டர் இரண்டையும் சேர்த்துச் சொன்னது சரிதான். வேகத்துக்கு ஒரு கணக்கு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம் சேர்ந்தால் போதும்.

பல்லடத்து அக்கா:
நடைதான் என்று இல்லைங்க. அம்மா போன பிறகு நான் ஒரு வருடம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மணி கையைப் பிடித்து வள்ளி கும்மி பழக இழுத்துக்கொண்டு போனாள். கோயில் மைதானத்தில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஆசிரியர் பாட்டுப் பாட நாங்கள் வட்டமாக அடி வைக்க வேண்டும். குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, கை தட்டி, முதல் நாளே சேலை நனைந்துவிட்டது. ஒரு அடி தப்பினால் பின்னால் வருகிறவள் மேல் மோதிவிடுவோம், அதனால் வேறு நினைப்புக்கே இடமில்லை. மூன்றாவது வாரம் இரவு படுத்ததும் தூங்கிப்போனேன், அதுவே எனக்குப் பெரிய விஷயம். அரங்கேற்றமும் முடித்துவிட்டேன், இன்னும் போகிறேன். உங்களுக்குத் தனியாக நடக்கப் பிடிக்காவிட்டால் நாலு பேரோடு செய்கிற ஏதாவது ஒன்றைப் பாருங்க.

விசைத்தறிக்காரன்:
அண்ணா, ஒன்றே ஒன்று. ஜிம் போய் நன்றாக இருக்கிறதே என்று நானாக மாத்திரையை நிறுத்தினேன். தலைசுற்றல், படபடப்பு, அப்புறம் பழைய சோர்வு முன்னைவிட மோசமாக வந்தது. நிறுத்துவது, குறைப்பது எல்லாம் டாக்டர் சொல்லித்தான். ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள், அரசாங்கத்தின் டெலிமனஸ் மனநல உதவி எண், காசு இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். நான் பேசியிருக்கிறேன்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. மாத்திரையை விடவில்லை. ராத்திரி வந்து நடக்கத் தெம்பு இருக்காது, காலை ஐந்தரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாளாகப் போகிறேன். போனை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது, பத்தாயிரம் அடி நடக்கிறவனுக்கு இது எப்படி என்று எனக்கே ஆச்சரியம். ஷூ வாங்கியே ஆக வேண்டுமா?

வாய்க்கால்மேடு:
மண் தரைதானே தம்பி, குதிகால் வலி இல்லை என்றால் பின்வார் வைத்த செருப்பே போதும். முதல் வாரம் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள்.