காபிக் கவிதைக்குப் படம்: ஆவி சரியாக வரவில்லை

கேள்வி: இன்ஸ்டன்ட் காபியையே நிறமாக வைத்து வரைகிறேன். கோப்பை மேல் ஆவி, ஒட்டவைத்த பஞ்சு மாதிரி இருக்கிறது. தாளும் நெளிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: வெள்ளைப் பெயின்ட் வேண்டாம். பின்னணியைக் கருமையாகப் பூசி, ஈரப் பளபளப்பு மங்கும் நேரத்தில் பிழிந்த பிரஷ்ஷால் நிறத்தை உறிஞ்சி எடுங்கள். முந்தினால் நிறம் திரும்ப ஓடிவரும். காய்ந்துவிட்டால் ஓரம் கூர்மையாகிவிடும். ஆவி மேலே போகப் போகக் கரையட்டும். தாள் நெளியாமல் இருக்க 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள். நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள்.

பதில் 2: ஒரு ஸ்பூன் தூளுக்கு இரண்டு ஸ்பூன் வெந்நீர். ரொம்பக் கெட்டியானால் காய்ந்தும் பிசுபிசுக்கலாம். வெளிச்சத்தில் வெளுக்கும், முடித்ததும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பதில் 3: படத்தில் கவிதை வரிகள் எங்கே வரும்? அந்த இடத்தை முதலிலேயே பென்சிலில் கட்டம் போட்டு விடுங்கள். ஆவிமேல் எழுத்து ஏறினால் இரண்டும் கெட்டது.