ஆங்கில ‘கெட்’ (get) வினை: ஒரே அமைப்பு, இரண்டு பொருள். எப்படிப் பிரிப்பது?

பத்தாம் வகுப்புக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சித்தாள். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது.

‘ஷி காட் ஹெர் கார் ரிப்பேர்டு’: ஆள் வைத்துச் சரிசெய்தாள். ‘ஹி காட் ஹிஸ் ஃபிங்கர் ஸ்டக் இன் தி டோர்’: கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது. அமைப்பு ஒன்றே: கெட், செயப்படுபொருள், வினையின் மூன்றாம் வடிவம். முதலாவது திட்டமிட்டது, இரண்டாவது விபத்து.

‘செய்ய வைத்தல்’ என்று விளக்கினால் பிள்ளைகள் ‘விரலை மாட்ட வைத்தான்’ என்று எழுதுகிறார்கள். ‘கொள்’ துணைவினை ‘முடி வெட்டிக்கொண்டான்’, ‘விரலை மாட்டிக்கொண்டான்’ இரண்டுக்கும் அழகாகப் பொருந்துகிறது. ‘காரைச் சரிசெய்துகொண்டாள்’ என்றதும் அவளே ஸ்பானர் பிடித்ததுபோல ஆகிவிடுகிறது. ‘கெட்’டுக்குப் பதில் ‘ஹேவ்’ போட்டும் பார்த்தாயிற்று. ‘ஹி ஹேட் ஹிஸ் வாலெட் ஸ்டோலன்’ (அவன் பணப்பை திருடுபோனது; இதுவும் திட்டமிட்டதல்ல) இருக்கும்வரை அதுவும் உதவாது.

சூழலை மட்டும் நம்பாமல், வாக்கியத்தை வைத்தே இவ்விரண்டையும் பிரிக்க மாணவர்கள் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஏதேனும் உண்டா?