பழைய தேக்கில் லேசர் எழுத்து: வேகத்தையும் பவரையும் எப்படி முடிவு செய்வது?

கேள்வி (தேவகோட்டை)

வணக்கம். வீட்டுப் பெயர்ப்பலகைகளும், கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுக்கும் சிறு மரப்பெட்டிகளும் செய்து தரும் எண்ணத்தில் 10 வாட் டையோடு லேசர் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். உடன் வந்த தாளில் ‘மரம்’ என்று ஒரே ஒரு வேகமும் ஒரே ஒரு பவரும்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த அளவில் பிளைவுட்டில் எழுத்து கருகிவிடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தேக்குத் துண்டிலோ வெளிறித் தெரிகிறது. சரியான அளவை எங்கிருந்து தொடங்கித் தேடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (காரைக்குடி, பெயர்ப்பலகைக் கடை)

வேகத்தையும் பவரையும் தொடுவதற்கு முன் ஃபோகஸை, அதாவது லேசர் கதிர் மிக மெலிதாகக் குவியும் இடத்தை, சரிபாருங்கள். ஒரு பலகையின் ஒரு முனைக்குக் கீழே கட்டை வைத்துச் சாய்த்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒற்றைக் கோடு ஓட்டினால், கோடு எந்த இடத்தில் மிக மெலிதாக விழுகிறதோ அந்த இடத்துக்கும் லேசர் தலைக்கும் உள்ள உயரமே உங்கள் ஃபோகஸ் தூரம். இது சரியில்லாமல் எடுக்கும் சோதனை எதுவும் செல்லாது.

அடுத்தது சோதனைக் கட்டம். லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் ‘மெட்டீரியல் டெஸ்ட்’ என்ற வசதி இருக்கிறது. நெடுக்கில் வேகத்தை நிமிடத்துக்கு 1000 முதல் 6000 மில்லிமீட்டர் வரையும், குறுக்கில் பவரை 10 முதல் 100 சதவீதம் வரையும் வைத்து, கோட்டிடைவெளியை 0.1 மில்லிமீட்டராக விட்டுச் சிறு சதுரங்களாக ஓட்டுங்கள். மிகக் கறுப்பாக வந்த சதுரத்தைத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. விரலால் தேய்த்தால் கரி ஒட்டாமல், ஓரம் கூர்மையாக நிற்கும் சதுரமே நமக்கு வேண்டியது. அந்த அளவில் ‘ண’, ‘ஞ’ போன்ற சுழி எழுத்துகளை நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே உயரத்தில் பொறித்துப் பாருங்கள், ஏனென்றால் சதுரத்தில் அழகாக வந்த அளவு சிறிய சுழியின் உட்பகுதியை அடைத்துவிடக்கூடும். எழுத்தின் ஓரங்கள் மட்டும் கறுத்தால், தலை திரும்பும் இடத்தில் வேகம் குறைவதுதான் காரணம். ஓவர்ஸ்கேனை, அதாவது எழுத்தைத் தாண்டித் தலை ஓடித் திரும்பும் தூரத்தை, கூட்டினால் சரியாகும்.

பதில் (கானாடுகாத்தான், தச்சு வேலை)

தம்பி, பழைய வீடுகளைப் பிரித்து வரும் தேக்கில் வார்னிஷும் பெயின்டும் ஏறியிருக்கும். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், பெயின்ட் பூசிய துண்டை லேசருக்கு எடுக்கவே வேண்டாம். வார்னிஷ் மட்டுமே என்றால் இழைப்புளியால் சீவி, புது மரம் தெரிந்த பிறகு சோதித்துப் பாருங்கள். உங்களுக்கு வெளிறியதற்கு அந்தப் பூச்சும் காரணமாக இருக்கலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. புகை அதில் பழுப்பாகப் படியும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேலேயே பொறித்துவிட்டு உரித்தால் எழுத்தைச் சுற்றியுள்ள மரம் சுத்தமாக இருக்கும். டேப்புக்கும் கொஞ்சம் சூடு செலவாகும் என்பதால் சோதனையையும் டேப்போடுதான் எடுக்க வேண்டும். ரேகையின் இளம் பகுதி ஆழமாகவும் முற்றிய பகுதி மேலாகவும் எரிவதால், வேலை செய்யப்போகும் பலகையிலிருந்தே ஒரு துண்டு அறுத்துச் சோதியுங்கள், வேறு பலகையின் கணக்கு இதற்கு உதவாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. ஓலைக் கொட்டானிலும் (ஓலையில் முடைந்த கூடை) ரெக்சின் பையிலும் பெயர் பொறிக்க முடியுமா?

பதில் (காரைக்குடி, பெயர்ப்பலகைக் கடை)

ரெக்சின் கூடவே கூடாது. அதில் பெரும்பாலும் பிவிசி பூச்சு இருக்கும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவந்து நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் சேர்த்து அரித்துவிடும். ஓலை சட்டென்று தீப்பிடிக்கும். முடைவதற்கு முன் தனி ஓலை நறுக்கில், மிகக் குறைந்த பவரில், அதிக வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். இந்த லேசர் ஒளியின் அலைநீளமான 450 நானோமீட்டருக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்து, புகை வெளியேறும் விசிறியைப் போட்டு, வேலை முடியும்வரை இயந்திரத்தின் அருகிலேயே இருங்கள். தேர்ந்த சோதனைத் துண்டுகளின் பின்புறத்தில் மரத்தின் பெயர், வேகம், பவர், இடைவெளி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் கடையிலேயே தொங்கவிட்டுவிட்டால், அடுத்த ஆர்டருக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.