கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

கார்த்தி: பொள்ளாச்சி பஸ்ஸை கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். வர நேரமாகும்.

கார்த்தி: 📷 படம்

ராணி சித்தி: யாருடா இந்தப் பையன்?

கார்த்தி: பின் சீட்டு. பையில் இலை மாதிரி ஒரு பொட்டலம். எக்சைஸ்காரர்கள் ஒரு கிள்ளு எடுத்து டியூபில் போட்டு மூன்று திரவம் விட்டார்கள். ஊதாவாக மாறியது. பாட்டிக்கு வாங்கின குப்பைமேனியையும் விடவில்லை! அதில் ஊதா வரவில்லை.

செல்வி அக்கா: ஊதா வந்தால் கஞ்சாதான். பையன் உள்ளே 😡

தங்கராசு மாமா: அவசரப்படாதே செல்வி. முதல் பாட்டிலில் வனிலின், அசிட்டால்டிஹைடு, ஆல்கஹால். ஆமாம், ஐஸ்கிரீம் வாசனைக்குப் போடுகிற அதே வனிலின்தான். இரண்டாவது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூன்றாவது குளோரோஃபார்ம். கார்த்தி, ஊதா மேலே நின்றதா, கீழே இறங்கியதா?

கார்த்தி: கீழே இறங்கியது மாமா.

தங்கராசு மாமா: குளோரோஃபார்ம் கனமானது, அடியில் தங்கும். கஞ்சாவின் நிறம் அதற்குள் இறங்கும். முதல் இரண்டு திரவத்திலேயே வேறு சில செடிகளும் நிறம் காட்டும், அதைக் கழிக்கத்தான் மூன்றாவது. அப்படியும் இது சந்தேகத்துக்கு வலு சேர்க்கும், அவ்வளவுதான். அந்தச் செடியில் இருக்கிற வேதிப்பொருட்களில், போதை தருகிற டிஎச்சி இருந்தாலும் ஊதா, போதை தராத சிபிடி இருந்தாலும் ஊதா.

ராணி சித்தி: அப்புறம் எப்படி அண்ணா கேஸ் நிற்கும்?

தங்கராசு மாமா: ஆய்வக அறிக்கையில்தான். பிடித்த போதைப்பொருளுக்கான 2022 விதிப்படி மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுக்க வேண்டும். கஞ்சா என்றால் 24 கிராம், அதுவும் இரண்டு. இன்னொரு விஷயம், 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனி. நுனி சேராத வெறும் இலையும் விதையும் அதில் வராது. டியூபுக்கு இலை எது, பூ எது என்று தெரியுமா? அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உடனே இலை கொண்டு போகலாமா என்று யாரும் கேட்காதீர்கள்.

செல்வி அக்கா: 😂 சரி, நிஜமாகவே கஞ்சா என்றால்?

தங்கராசு மாமா: எடையைப் பொறுத்தது. 1 கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு.

கார்த்தி: பொட்டலம் உள்ளங்கை அளவுதான்.

தங்கராசு மாமா: சரி. முதலில் அந்தப் படத்தை குரூப்பிலிருந்து நீக்கு. முகம் தெளிவாகத் தெரிகிறது.

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அக்கா: மாமா, நான் ஏற்கனவே தெரு குரூப்புக்கும் ஸ்கூல் குரூப்புக்கும் அனுப்பிவிட்டேனே 🙈

தங்கராசு மாமா: அங்கேயும் அழி. 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அழுத்து. உனக்கு மட்டும் அழித்துவிட்டு வந்து நிற்காதே.