தரையில் இரத்தம் சிந்தினால் ஹைப்போகுளோரைட் எவ்வளவு கலப்பது?

கேள்வி: வார்டில் இரத்தம் சிந்தினால் 1% சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் உள்ள கிருமிநாசினி) ஊற்றச் சொல்கிறார்கள். ஸ்டோரில் வருவது 5% கேன். தண்ணீர் எவ்வளவு சேர்க்க வேண்டும்? இன்று கலந்ததை நாளைக்கும் பயன்படுத்தலாமா?

பதில் 1: 5% கேனிலிருந்து எடுக்கும் 200 மி.லி.-க்கு 800 மி.லி. தண்ணீர். கேன் 10% என்றால் 100-க்கு 900. லேபிளைப் பார்க்காமல் 'ஒன்றுக்கு நாலு' என்று பழக்கத்தில் கலப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பச்சைத் தண்ணீரே போதும், வெந்நீரில் குளோரின் சீக்கிரம் போய்விடும். தினமும் புதிதாகக் கலந்து, நேரத்தை எழுதி ஒட்டுங்க. நாளைக்கு வேண்டாம்.

பதில் 2: அளவு சரியாக இருந்தாலும் ஊற்றும் விதம் தப்பினால் பயனில்லை சிஸ்டர். இரத்தம் குளோரினைத் தின்றுவிடும். அதனால் நிறைய சிந்தியிருந்தால் முதலில் உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுங்க. பிறகு புதுத் துணி போட்டு மூடி, அதன்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றி 10 நிமிடம் விடணும். உடனே துடைத்தால் கிருமி சாகாது. கண்ணாடித் துண்டு, ஊசி இருந்தால் இடுக்கியால்தான் எடுக்கணும், கையுறை போட்டிருந்தாலும் கை வேண்டாம். துணி மஞ்சள் கழிவுப் பைக்கு, கையுறை சிவப்புக் கழிவுப் பைக்கு. கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. சிறுநீர் சிந்திய இடத்தில் நேரடியாக ஊற்றாதீங்க, டாய்லெட் ஆசிட்டோடும் சேர்க்காதீங்க. நச்சு வாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்து வையுங்க. இரும்புக் கட்டிலில் பட்டால் 10 நிமிடம் கழித்துத் தண்ணீரால் துடைக்கணும், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.