டொனால்ட் கிரிஸ்ப்: இயக்குவதை ஏன் விட்டார்? எந்தப் படத்திலிருந்து பார்க்கலாம்?

ஊமைப்படப்பித்தன் கேட்டது:

போன வாரம் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பழைய படங்கள் பார்த்தேன். முதலில் ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' (1941). வேல்ஸ் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி குடும்பம், அதில் அப்பாவாக டொனால்ட் கிரிஸ்ப். சங்கம் வைப்பது பற்றி அப்பாவுக்கும் மகன்களுக்கும் வாக்குவாதம் வந்து, பெரிய பிள்ளைகள் எல்லோரும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய்விடுவார்கள். கடைக்குட்டி மட்டும் உட்கார்ந்திருப்பான். நான் ஒருத்தன் இங்கே இருக்கிறேன் என்று காட்டத் தட்டில் லேசாகச் சத்தம் செய்வான். நீ இருப்பது எனக்குத் தெரியும் என்று அப்பா ஒரே வரியில் பதில் சொல்வார், அவ்வளவுதான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து கிரிஃபித்தின் 'புரோக்கன் பிளாசம்ஸ்' (1919). லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரு குடிகாரக் குத்துச்சண்டைக்காரன், பெற்ற மகளைச் சாட்டையால் அடிக்கிறவன். லில்லியன் கிஷ் அலமாரி அறைக்குள் பூட்டிக்கொண்டு சுழன்று சுழன்று அலற, அவன் வெளியிலிருந்து கோடாரியால் கதவைப் பிளப்பான். அதைப் பார்த்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. நடிகர் பெயர்களைத் தேடினால், அதுவும் டொனால்ட் கிரிஸ்ப்! 22 வருட இடைவெளியில் அதே மனிதர்.

இவர் எழுபது படம் போல இயக்கியும் இருக்கிறார் என்று பார்த்தேன். அதெல்லாம் என்ன ஆயிற்று, ஏன் அதை விட்டுவிட்டு அப்பா வேடங்களுக்குப் போனார்? இயக்குநராகத் தோற்றுப்போனவரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையரீல் எழுதியது:

தோற்றுப்போனவர் என்று சொல்ல மாட்டேன் நண்பரே. அந்தக் காலத்து ஹாலிவுட் எப்படி இருந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இவர் வாழ்க்கை புரியும்.

1906-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். பாடக்கூடியவர், கப்பலில் பாடியதைக் கேட்டுத்தான் முதல் மேடை வேலையே கிடைத்தது. அப்புறம் நியூயார்க்கில் நாடகக்காரர் ஜார்ஜ் எம். கோஹனிடம் மேடை நிர்வாகி, அங்கிருந்து டி.டபிள்யூ. கிரிஃபித் படம் எடுத்துக்கொண்டிருந்த பயோகிராஃப் என்ற படக் கம்பெனி. கிரிஃபித் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது இவரும் கூடவே போனார். அப்போது ஹாலிவுட் என்றால் இன்று நாம் நினைக்கும் ஹாலிவுட் இல்லை, பழத்தோட்டங்களுக்கு நடுவே கொட்டகை போட்டுப் படம் எடுத்த ஊர். காலையில் நடிப்பார், மத்தியானம் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார், இன்னொரு நாள் அவரே ஒரு குறும்படத்தை இயக்குவார். இத்தனை படம் எப்படி என்று நாம் மலைத்துப்போகிறோம், அன்றைக்கு வேலை முறையே அதுதான். 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஜெனரல் கிராண்ட் இவர்தான். அந்தப் படம் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டத்தைத் தூக்கிப் பிடித்த கொடுமையை நான் மன்னிக்கத் தயாரில்லை, ஆனால் அதில் வேலை பார்த்தவர்கள் பலர் அடுத்த 40 வருட அமெரிக்க சினிமாவை உருவாக்கினார்கள் என்பதும் உண்மை.

நீங்கள் பார்த்த 'புரோக்கன் பிளாசம்ஸ்' எடுத்தபோது கிரிஸ்ப் பகலில் வேறொரு படத்தை இயக்கிக்கொண்டிருந்தார், அதனால் இவர் காட்சிகளை இரவில் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். பகலெல்லாம் இயக்குநர் நாற்காலியில் இருந்துவிட்டு இரவில் வந்து அந்த மிருகமாக நிற்பது! அந்த முகத்தில் தெரிகிற எரிச்சலில் கொஞ்சம் நிஜமான தூக்கக் கலக்கமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இயக்கிய படங்களில் இரண்டை அவசியம் பாருங்கள். ஒன்று ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனோடு சேர்ந்து இயக்கிய 'தி நேவிகேட்டர்' (1924). இன்னொன்று டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 'டான் க்யூ, சன் ஆஃப் ஸாரோ' (1925), அதில் வில்லன் டான் செபாஸ்டியனாகவும் கிரிஸ்ப்பே வருவார். கடைசியாக இயக்கியது 1930-ல் 'தி ரன்அவே பிரைட்'. ஏன் விட்டார் என்பதற்கு அவரே பின்னால் காரணம் சொல்லியிருக்கிறார்: ஸ்டூடியோ முதலாளிகளின் சொந்தக்காரர்களையெல்லாம் படத்தில் போடச் சொல்லி நெருக்கினார்கள், அலுத்துவிட்டது. கிரிஃபித் காலத்தில் இயக்குநர் கையில் இருந்த அதிகாரம் 1930-க்குள் முதலாளி கைக்குப் போய்விட்டது. அந்த மாற்றத்தை உள்ளே இருந்து பார்த்தவர் தனக்குப் பிடித்த வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். பேசும்படம் வந்து ஊமைப்பட நட்சத்திரங்கள் பலர் காணாமல் போன அதே வருடங்களில் மேடைக் குரல் இருந்த இவருக்கு வேலை கூடியது.

கீட்டன்தாசன் எழுதியது:

பழையரீல் அண்ணே, 'நேவிகேட்டர்' விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அதை கிரிஸ்ப் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கதையில் உளவாளிகள் வரும் சீரியஸான பகுதிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் கீட்டன் இவரைக் கூப்பிட்டார். வந்தவருக்கு நகைச்சுவையில் ஆர்வம் வந்து, நாளுக்கு நாள் தமாஷ் யோசனைகளோடு வர ஆரம்பித்துவிட்டார். அதற்குத்தான் கீட்டனிடம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்களே. கடைசியில் இவரை அனுப்பிவிட்டு கீட்டனே முடித்தார் என்று கீட்டன் தரப்பில் சொன்னது பதிவாகியிருக்கிறது.

ஆனாலும் படத்தில் கிரிஸ்ப் இருக்கிறார்! இரவில் கப்பல் ஆடும்போது கேபின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கடுகடுத்த மாலுமி முகம் வந்து வந்து போகும், கீட்டன் பேயென்று நடுங்குவார். அது வெளியே தொங்குகிற ஒரு உருவப்படம், அதில் இருப்பது கிரிஸ்ப்பின் முகம்தான்.

அந்தக் கப்பலுக்கும் ஒரு கதை உண்டு. எஸ்.எஸ். புஃபோர்ட். 1919 டிசம்பரில் அராஜகவாதி எம்மா கோல்ட்மன் உட்பட 249 பேரை அமெரிக்க அரசு நாடு கடத்தி ரஷ்யாவுக்கு அனுப்பியது இதே கப்பலில்தான். ஐந்தே வருடத்தில் சினிமாவுக்கு வந்துவிட்டது.

வேரும்விழுதும் எழுதியது:

அவர் பிறப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிரிஸ்ப் வாழ்நாள் முழுக்கத் தன்னை ஸ்காட்லாந்துக்காரர் என்றே சொல்லிக்கொண்டார், ஊர் அபர்ஃபெல்டி என்றார். பேச்சும் அந்த வழக்கிலேயே இருந்தது, நடிப்புக்காகப் போட்டுக் கழற்றுகிற பேச்சு இல்லை, வீட்டிலும் வெளியிலும் அதுதான். அந்த ஊரில் அவருக்கு நினைவுக் கல்வெட்டு கூட வைத்தார்கள். ஆவணங்களைப் புரட்டினால் 1882 ஜூலை 27, கிழக்கு லண்டன், போ பகுதி. பெற்றோர் வைத்த பெயர் ஜார்ஜ் வில்லியம் கிரிஸ்ப்.

இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து 'புரோக்கன் பிளாசம்ஸ்' எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. கதை நடக்கும் லைம்ஹவுஸ், அவர் பிறந்த போ பகுதிக்குக் கூப்பிடு தூரம். படக்குழு கலிஃபோர்னியாவில் அட்டைச் சுவர் எழுப்பி லைம்ஹவுஸை உருவாக்கியபோது, அந்தத் தெருவில் நிஜமாகவே திரியக்கூடிய ஆட்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கக்கூடிய ஒருவர் நடுவில் நின்றிருக்கிறார், அதை அவர் வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்தக் குத்துச்சண்டைக்காரனின் நடை, தோளை ஆட்டுகிற விதம், கோபம் வருவதற்கு முன்னால் வரும் அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் எங்கிருந்தோ பார்த்து எடுத்து வந்தது போலவே இருக்கிறது. இது என் ஊகம்தான். அதே படத்தில் சீனராக வருவது வெள்ளைக்காரரான ரிச்சர்ட் பார்தெல்மஸ், கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டே படம் முழுக்க நடிப்பார், இன்று பார்க்கும்போது அது உறுத்துகிறது. கிரிஸ்ப் பகுதிகளில் அப்படி எந்த உறுத்தலும் எனக்கு வரவில்லை.

இன்னொன்று, இவருக்கு பாங்க் ஆஃப் அமெரிக்காவோடு நீண்டகாலத் தொடர்பு. எந்தப் படத்துக்குக் கடன் கொடுக்கலாம் என்று அந்த வங்கிக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் பல வருடம் இருந்தார். திரையில் ஏழைச் சுரங்கத் தொழிலாளி, வெளியே ஸ்டூடியோக்களே மதிக்க வேண்டிய ஆள். முதலாளிகளுக்குப் பணிந்துபோக வேண்டிய இயக்குநர் வேலையை அவர் ஏன் வேண்டாமென்றார் என்பது இதைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

ஊமைப்படப்பித்தன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவே 'நேவிகேட்டர்' பார்த்துவிட்டேன், ஜன்னலில் அந்த முகம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அந்தக் காட்சியை மட்டும் இரண்டு முறை திருப்பிப் போட்டேன். அதே கனத்த தாடை, அதே புருவம். முகம் மாறவே இல்லை, ஒரு படத்தில் பேயாகத் தெரிகிறது, இன்னொன்றில் மகளை அடிக்கிறது, இன்னொன்றில் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

பேசும்பட காலத்தில் எதைப் பார்க்கலாம் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும். அப்பா வேடமாகவே இருந்தாலும் பரவாயில்லை.

பழையரீல் எழுதியது:

கீட்டன்தாசன் சொன்னது நியாயம், 'நேவிகேட்டர்' பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் 'டான் க்யூ' முழுக்க இவருடையது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்!

பேசும்படங்களில் 'மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி' (1935), சின்ன மாலுமி வேடம். 'லாஸி கம் ஹோம்' (1943) கண்டிப்பாக. 'ஹவ் கிரீன்' படத்தில் கடைக்குட்டியாக வந்த ராடி மெக்டவல் அதிலும் இவர் மகன். காசில்லாமல் பையனின் நாயை விற்றுவிட்டு, அதை அவனிடம் நேராகச் சொல்ல முடியாமல் கடுமையாகப் பேசுகிற அப்பா. அடுத்த வருடம் 'நேஷனல் வெல்வெட்', எலிசபெத் டெய்லரின் அப்பா. 'ஹவ் கிரீன்' படத்துக்கு 1942 விழாவில் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 59. அந்தக் காலத்தில் துணை நடிகர்களுக்கு முழுச் சிலை கிடையாது, பட்டயம்தான்.

எல்லாவற்றையும்விட நான் சொல்வது 'தி மேன் ஃப்ரம் லாரமீ' (1955). ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கதாநாயகன், கிரிஸ்ப் பெரிய பண்ணைக்காரர், பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஒரே மகன் கெட்டவன், அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதிகாரம் செய்கிறவரும் பாசக்காரரும் ஒரே ஆளாக இருப்பது எப்படி என்று அதில் பார்க்கலாம், நீங்கள் முதலில் பார்த்த இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஒரே ஆளாக வருவது போல இருக்கும். அப்போது அவருக்கு 70 தாண்டிவிட்டது. 1963 வரை நடித்தார், 1974-ல் 91 வயதில் இறந்தார்.

ஊமைப்படப்பித்தன் எழுதியது:

சனிக்கிழமை 'லாரமீ'. அம்மாவையும் உட்கார வைத்துப் பார்க்கப் போகிறேன், அவருக்கும் கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, அந்த வேடம் அவருக்கு எப்படிப் படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.