கப்பல் பயணத்தில் வரிசைகள்: நின்றவர்களும் நிறுத்தியவர்களும்

முதல் பகிர்வு

சென்ற ஆண்டு என் தாயாருடன் ஏழு நாள் கப்பல் பயணம் சென்று வந்தேன். அவருக்கு வயது 74. நடப்பதில் அவருக்குச் சிரமம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் நின்றால் கால் மரத்துவிடும். எனவே, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதே பயணம் முழுவதும் என் முதல் கவலையாக இருந்தது.

கப்பல் ஏறும் நாளன்று எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் பகல் 12.30. சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் துறைமுகத்தின் பயணிகள் முனைய வாசலில் எவரும் அந்த நேரத்தைச் சரிபார்க்கவில்லை. பிற்பகல் 2 மணிக்கு வர வேண்டியவர்கள் 11 மணிக்கே வந்து உள்ளே நின்றிருந்தார்கள்; நேரத்தை மதித்து வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் 55 நிமிடங்கள் நின்றோம். சுவரோரமாக நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்தால் வரிசையில் இடம் போய்விடும். அங்கிருந்த பணியாளரிடம் கேட்டபோது, தம்மால் எதுவும் செய்ய இயலாது என்றார். கடைசியில், பின்னால் நின்ற ஒரு குடும்பத்தார்தான், "அம்மா போய் உட்காரட்டும், இடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னார்கள். அவர்களை நான் மறக்கவில்லை.

நான்காம் நாள் கப்பல் கரையணையாமல் கடலிலேயே நங்கூரமிட்டது; கரைக்குச் சிறு படகுகளில்தான் செல்ல வேண்டும். அன்று எங்களுக்கு டோக்கன் கொடுத்து, கப்பலின் அரங்கில் உட்கார வைத்தார்கள். அப்போது அழைக்கப்பட்டுக்கொண்டிருந்த எண் திரையில் தெரிந்தது. எங்கள் முறை வர 70 நிமிடங்கள் ஆயின. ஏறும் நாளில் நின்றதைவிட இது அதிகம். ஆனாலும் என் தாயார், "இப்படி உட்கார வைத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்" என்றார்.

அரங்கின் வாசலில் ஒரு பெண் பணியாளர், உள்ளங்கையில் அடங்கும் எண்ணும் கருவியுடன், கடந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை அழுத்திக்கொண்டு நின்றார். ஒரு படகுக்கு 100 பேர். எண்ணிக்கை 98 ஆனபோது நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று வந்தது. இருவரை அனுப்பி இருவரை நிறுத்தாமல், அங்கேயே கயிற்றைக் குறுக்கே மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் "தொண்ணூற்றெட்டு" என்று மட்டும் சொன்னார். இரண்டு இருக்கைகள் காலியாகப் போயின. வாசலில் ஒரு வார்த்தை வாக்குவாதம் எழவில்லை. ஒரே கப்பலின் பயணிகளை இப்படியும் நடத்த முடிகிறது என்றால், ஏறும் நாளில் மட்டும் ஏன் முடியவில்லை என்பதை இத்துறையில் பணியாற்றியவர்கள் எவரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரண்டாம் பகிர்வு

கப்பல் முனையத்தில் பயணிகளை உள்ளே அனுப்பும் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். வயதான தாயாரை நிற்க வைத்தார்கள் என்று படித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் எங்கள் தவறும் கலந்திருக்கிறது.

காரணம் பெரும்பாலும் கவுன்டரில் இருப்பதில்லை. 3,000 பயணிகள், 15 கவுன்டர்கள், ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 900 பேரை அனுப்பலாம். நான்கு மணி நேரத்தில் சீராக வந்தால் மணிக்கு 750 பேர்தான். வரிசை என்று ஒன்று உருவாகவே உருவாகாது. ஆனால் அவர்களில் பாதிப் பேர், அதாவது 1,500 பேர், முதல் மணி நேரத்திலேயே வந்துவிட்டால், அந்த மணியின் முடிவில் 600 பேர் நின்றுகொண்டிருப்பார்கள்; அவர்களில் கடைசியாக நிற்பவருக்கு இன்னும் 40 நிமிடங்கள் ஆகும். பணியாளர் ஒருவரும் சோம்பவில்லை, கருவி ஒன்றும் பழுதாகவில்லை, இருந்தும் நெரிசல். நேரச் சீட்டை வாசலில் கண்டிப்பாகப் பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நான் பணியாற்றிய முனையத்தில் வாசலுக்கு வெளியே நிழலும் இல்லை, நிற்க இடமும் இல்லை. இரண்டு பேருந்துகள் அடுத்தடுத்து வந்து ஆட்களை இறக்கினால் கூட்டம் சாலைக்கு வந்துவிடும். விபத்துக்கு அஞ்சி எல்லோரையும் உள்ளே விட்டுவிடுவோம். முன்னதாக வருபவர்கள் உட்காருவதற்கு ஒரு தனிக் கூடம் இல்லாத இடத்தில் நேரச் சீட்டு வெறும் காகிதம்தான்.

இன்னொன்று, பாஸ்போர்ட்டிலோ விசாவிலோ சிக்கல் உள்ள ஒருவரை அதே கவுன்டரில் நிறுத்தி விசாரிக்கக் கூடாது. அவரைத் தனி மேசைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எல்லாக் கவுன்டர்களுக்கும் ஒரே வரிசை என்றால், ஒரு கவுன்டர் தடைபட்டாலும் பாரம் எல்லோருக்கும் பகிரப்படும். கவுன்டருக்கு ஒரு வரிசை என்றால், அதன் பின்னால் நிற்பவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள்.

வரிசையே இல்லாமல் போன ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும்: ஆபத்துக்காலப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் மாற்றப்பட்டது. அதன் விளைவாக, புறப்படும் மாலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படிக்கட்டுகளில் இறங்கும் நிலை வந்தது. 2020-க்குப் பிறகு, பல நிறுவனங்களில் பயணிகள் பாதுகாப்பு விளக்கக் காணொளியைக் கைபேசியிலோ கேபின் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, தமக்கு வசதியான நேரத்தில் ஆபத்தின்போது தாம் கூட வேண்டிய இடத்துக்கு வந்து கப்பல் அட்டையை ஸ்கேன் செய்தால் போதும். நெரிசல் அடியோடு நீங்கியது. ஆனால் ஸ்கேன் செய்த கையோடு திரும்பிப் போகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் பதைத்திருக்கிறது. ஆபத்து அறிவிப்பான ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்கும்போது எந்தப் படியில் இறங்க வேண்டும் என்பதை ஒரு முறையாவது நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன படகு ஏற்பாட்டில், போவதைவிடத் திரும்புவதுதான் கடினம். போகும்போது கயிறு எங்கள் கையில் இருக்கும். திரும்பும்போது எல்லோரும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருவார்கள். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் பழைய துறையிலிருந்து மேலே உள்ள ஊருக்கு ஏறவும் இறங்கவும் கேபிள் கார், கழுதை, ஏறக்குறைய 600 படிகள் என்று மூன்றே வழிகள். பல கப்பல்கள் ஒன்றாக நிற்கும் நாளில், மாலையில் மேலே கேபிள் காருக்கு நிற்கும் வரிசைதான் நீளமானது. நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று அத்தீவு வரம்பு வைத்ததை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அங்கே செல்பவர்கள் கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இறங்கத் தொடங்குவது நல்லது.

மூன்றாம் பகிர்வு

மேலே இருவரும் எழுதியதோடு, இறங்கும் நாளைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். என் தந்தைக்குக் காது கேட்காது. முந்தைய இரவே லக்கேஜில் எண்ணிட்ட டேக் கட்டி கேபினுக்கு வெளியே வைத்துவிட்டோம். அந்த எண்ணை அழைக்கும்போது இறங்க வேண்டும். அழைப்பு ஒலிபெருக்கியில் மட்டுமே வந்தது. நாங்கள் காத்திருந்த கூடத்தின் பெரிய திரையிலோ அடுத்த பயணங்களுக்கான விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எங்கள் கைப்பைகளை எடுத்துவரச் சென்ற சில நிமிடங்களில் எங்கள் எண் அழைக்கப்பட்டுவிட்டது. சுற்றியிருந்தவர்கள் எழுந்து போவதைப் பார்த்தும் தம் முறை என்று அறியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் முறையிட்டபோது, அங்கிருந்த இளம் பணியாளர் காரணம் எதுவும் சொல்லாமல் ஓர் அட்டையை எடுத்துத் தடித்த பேனாவால் அடுத்த எண்ணை எழுதினார். அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி கூடம் முழுவதும் மெதுவாக நடந்துவந்தார். மொழி புரியாதவர்களும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை மடியில் வைத்திருந்தவர்களும் அதைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு எங்கள் பக்கம் வந்து, அட்டையின் மறுபக்கத்தில் எங்கள் எண்ணை எழுதி என் தந்தையிடம் காட்டினார். தந்தை தம்மிடமிருந்த டேக்கை ஒரு முறை பார்த்துக்கொண்டு, என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.